கடைசி வண்டி

இந்தக் கூட்டத்தில் கடைசியாய் ஓடுவது என் வேலை.
யாரும் தந்ததில்லை. என் வண்டிக்கு வயது கூட,
மேடு கண்டால் இருமும்.
கடைசியில் வருபவன் தலையில்
இன்னொன்றும் விழுந்தது: எண்ணுவது.

சனிக்கிழமை நாலரை மணி.
ஆமர் வீதி பெற்றோல் செட்டில் நாய்கள்கூட எழும்பவில்லை.
இன்ஷாப் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறான்.
கையுறையை மறந்த ஷெர்லின்
தம்பியின் காலுறையைக் கையில் மாட்டியிருக்கிறாள்.
லஹிருவுக்கு வழி தெரியுமாம், போன முறையும் தெரிந்திருந்தது.
எனக்கு முன்னால் ஏழு வண்டி, ஏழு சிவப்பு.
களனிப் பாலத்தில் ஒரு தரம் எண்ணினேன்.
சரி.

அவிசாவளைக்குப் பிறகுதான் விடிந்தது.
றப்பர் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்க,
ஆறு எங்களுக்கு எதிர்த்திசையில் ஓடியது,
நாங்கள் விட்டுவந்த ஊருக்கு.
கிதுல்கலையில் எட்டுப் பேருக்கு ஆறு மாலுபணிஸ்.
அதில் ஒரு சண்டை.

கினிகத்தேனையில் பனி இறங்கியது.
இறங்கியது என்பது பிழை.
ஒரு வளைவைத் தாண்டினோம், உலகம் அங்கே இல்லை.
இடப்பக்கம் பள்ளம் என்று பலகை சொன்னது.
நம்பினோம்.
ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினால் முகம் விறைக்கும்,
இறக்கினால் என் மூச்சே எனக்குத் திரை.
எண்ணினேன்.
எட்டு.

திரும்ப எண்ணினேன். எட்டேதான்.
ஒன்று குறைந்தால் என்ன செய்வதென்று
பேசி வைத்திருந்தோம்.
கூடினால்?

வட்டவளையில் தேநீருக்கு நிறுத்த
எட்டாவதும் நிறுத்தியது.
நிறம் போன பழைய நூறு சீசீ.
பின்னால் ஒரு சாக்கு. சாக்கின் மேல்
குழந்தைகளின் ரோசாநிற பிளாஸ்டிக் நாற்காலி,
கால்கள் வானத்தைப் பார்க்கக் கட்டியிருந்தது.

"முன் லைட் போயிருச்சுங்க. பனிக்குள்ள நின்னுட்டிருந்தேன்.
ஒங்க வெளிச்சத்துல வந்துட்டேன், தப்பா நெனைக்காதீங்க."
எங்கேயிருந்து என்று கேட்டோம்.
"கொழும்புதான். நாலாங் குறுக்குத்தெரு, வெங்காயக் கட.
மூட்ட எறக்கி முடிய ரெண்டு மணி."
மாதத்துக்கு ஒருக்காவா?
"வாரா வாரம்."
பெயர் லோகநாதன். பிளேன்டீக்குச் சீனியைக்
கையில் கொட்டி நக்கிக் குடித்தார்.

லஹிருதான் கேட்டான், உடைந்த தமிழில்,
இந்த ரோட்டில் எந்த வளைவு ஆக வடிவு என்று.
அவர் உண்மையாகவே யோசித்தார்.
"வடிவுன்னா... கொழுந்து மடுவத்துக்கிட்ட ஒண்ணு இருக்கு.
அங்க டவர் கெடைக்கும்.
கோல் எடுத்தா வீட்டுல ஒலை வச்சிருவாங்க."

இன்ஷாபிடம் இருந்த பல்ப் பொருந்தவில்லை.
அதனால் லோகநாதனுக்குப் பின்னால்
பெரிய விளக்குக்காரி ஷெர்லின்.
அந்த வளைவில் ஒன்பது வண்டியும் நின்றது.
பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளை.
வெள்ளைக்குள் ஒரு குரல் மட்டும்:
"ஆ, வந்துட்டேன். நாற்காலியா? இருக்கு, இருக்கு.
ஒடையல."
பிறகு தோட்டத்துப் பாதையில் ஒரு சிவப்பு இறங்கி
கற்களில் குதித்துக் குதித்துப் போனது.

ஏழு.
கணக்குச் சரி என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஞாயிறு இரவு ஊர் வந்து படங்களைப் பார்த்தோம்.
நாற்பதில் முப்பத்தாறு பனி.
மற்ற நான்கும் இன்ஷாப்.

திங்கள். பாலத்தில் வழமையான நெரிசல்.
கீழே மண்நிறத்தில் ஆறு,
எதற்கும் அவசரப்படாமல் வந்து சேர்கிறது.
சனிக்கிழமை பக்கத்தில் ஓடிய அதே தண்ணீராக இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
பழக்கதோஷத்தில்
முன்னால் தெரிந்த சிவப்புகளை எண்ணத் தொடங்கி
முப்பத்தொன்றில் விட்டேன்.
பின்னால் ஒரு பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.